தங்கத் தட்டில் தங்கம் எவ்வளவு?

ஒரு பாடல் பெரும் எண்ணிக்கையில் விற்றுவிட்டால், அதைப் பாடியவருக்குப் பொன்னிறமாக மின்னும் ஓர் இசைத்தட்டைக் கண்ணாடிச் சட்டத்தில் பதித்துப் பரிசாக அளிப்பது மேல்நாட்டு இசைத்தொழிலில் நெடுநாளைய வழக்கம். 'தங்கத் தட்டு' என்று இதனை அழைக்கிறார்கள். தபால்தலை, பழங்காசு ஆகியவற்றைப் போலவே பழைய தங்கத் தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். 1981 டிசம்பரில் லண்டன் நகரின் புகழ்பெற்ற சாதபீஸ் ஏல நிறுவனம் ராக் இசை நினைவுப் பொருள்களுக்கென்றே தனி ஏலம் ஒன்றை நடத்தியது. அதன்பின் இத்தகைய பொருள்களுக்குச் சந்தை பெருகியது. சந்தை பெருகினால் போலியும் பெருகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இப்பரிசுகளைப் பற்றி மூன்று கேள்விகள் எழுகின்றன. இதில் தங்கம் எவ்வளவு இருக்கிறது? சட்டத்துக்குள் இருப்பது அந்தப் பாடலின் தட்டுத்தானா? இரண்டும் இல்லையென்றால் இதன் மதிப்பு எங்கே இருக்கிறது? இவற்றுக்கு விடை தேடப் புகுந்தால் கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் வரலாறு மூன்றும் வேண்டியிருக்கும்.

வானொலியில் வழங்கிய பரிசு

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள். அமெரிக்காவில் அந்நாளில் பெரும்புகழ் பெற்றிருந்த வாத்தியக்குழுத் தலைவர் கிளென் மில்லர் வானொலி நிகழ்ச்சியில் இருந்தபோது, ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்தார் அவருக்கு ஒரு தட்டை வழங்கினர். 'சாட்டனூகா சூ சூ' என்னும் அவருடைய பாடல் 12 லட்சம் தட்டுகள் விற்றிருந்தது. அதே தட்டின் ஒரு பிரதிக்குப் பொன்னிற லாக்கர் பூசி அளித்தார்கள். வரலாற்றில் முதல் தங்கத் தட்டு என்று போற்றப்படுவது இதுதான். அதில் இருந்தது தங்கமன்று. பொன்னிறப் பூச்சு மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பரிசு வந்த நேரமும் குறிப்பிடத்தக்கது. அக்காலத்து நிமிடத்திற்கு 78 சுற்றுத் தட்டுகள் ஷெல்லாக் என்ற பொருளால் ஆனவை. ஷெல்லாக் என்பது வேறொன்றுமில்லை, நம் நாட்டு அரக்குதான். மரக்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்தம் செய்தால் கிடைப்பது. அமெரிக்க ஆலைகளுக்கு இது பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே கப்பலேறிச் சென்றது. உலகப்போர் மூண்டு கப்பல் வழிகள் ஆபத்தாகிவிட்டதால், 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு தட்டுத் தொழிலுக்கு அளிக்கும் ஷெல்லாக்கின் அளவைக் கடுமையாகக் குறைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இசைவாணர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. பரிசு பெற்ற மில்லரும் ராணுவத்தில் சேர்ந்து, 1944 டிசம்பரில் விமானப் பயணத்தின்போது ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் மறைந்து போனார்.

மில்லருக்குக் கிடைத்தது ஒரு நிறுவனம் தன் கலைஞருக்குத் தானே அளித்த பாராட்டு. '12 லட்சம்' என்ற எண்ணிக்கையைச் சொன்னதும் அந்த நிறுவனமே. கடைக்காரர் தம் தராசைத் தாமே சரியென்று சொல்வதைப் போன்றது இது. பொய் என்று கூற முடியாது. ஆனால் வெளியார் ஒருவர் சரிபார்த்த கணக்கும் அன்று. மற்ற நிறுவனங்களும் இதேபோல் தத்தம் கலைஞர்களுக்குத் தட்டுகளை வழங்கத் தொடங்கியபோது, ஒருவர் சொன்ன 'பத்து லட்ச'மும் மற்றவர் சொன்ன 'பத்து லட்ச'மும் ஒன்றுதானா என்ற ஐயம் எழுந்தது இயல்பே.

கணக்கர் வந்தார்

1952-இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. ஆங்கில முதலெழுத்துகளால் ஆர்.ஐ.ஏ.ஏ. என்று இது வழங்கப்படுகிறது. தட்டில் ஒலியைப் பதிக்கும்போது தாழ்ந்த ஒலிகளையும் உயர்ந்த ஒலிகளையும் எந்த அளவில் குறைத்துக் கூட்டுவது என்பதற்கு ஒரே விதியை ஏற்படுத்தியது இச்சங்கத்தின் முதல் பணிகளுள் ஒன்று. ஒலிக்கு ஒரு பொது அளவுகோல் கண்டவர்கள், 1958-இல் விற்பனைக்கும் ஒரு பொது அளவுகோலை வகுத்தார்கள்.

அதன்படி, பரிசு வேண்டும் நிறுவனம் தன் கணக்குப் புத்தகங்களைத் தணிக்கையாளரின் முன் திறந்து வைக்க வேண்டும். ஒற்றைப் பாடல் தட்டானால் பத்து லட்சம் பிரதிகள் விற்றிருக்க வேண்டும். பல பாடல்கள் கொண்ட நெடுந்தட்டானால் மொத்த விற்பனை விலையில் பத்து லட்சம் டாலர் ஈட்டியிருக்க வேண்டும். 1958 மார்ச் 14-ஆம் நாள் பெரி கோமோ பாடிய 'கேட்ச் எ ஃபாலிங் ஸ்டார்' இம்முறையில் முதல் தங்கத் தட்டைப் பெற்றது. அதே ஆண்டு ஜூலையில் 'ஓக்லஹோமா!' திரைப்படத்தின் பாடல் தொகுப்பு முதல் தங்க நெடுந்தட்டாயிற்று.

நெடுந்தட்டுக்குப் பிரதிகளை எண்ணாமல் பணத்தை எண்ணியதில் ஒரு சங்கடம் இருந்தது. மொத்த விற்பனை விலை, கடை விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தட்டின் கடை விலை 3 டாலர் என்றால் நிறுவனத்துக்குக் கணக்காவது 1 டாலர். பத்து லட்சம் டாலர் சேரப் பத்து லட்சம் பிரதிகள் விற்க வேண்டும். கடை விலை 6 டாலராக உயர்ந்துவிட்டால் 5 லட்சம் பிரதிகளே போதும். பாட்டைக் கேட்டவர் தொகை பாதியாகக் குறைந்தும் பரிசு ஒன்றே! பணத்தின் மதிப்பு தேய்ந்துகொண்டே போனால் பரிசும் தேய்ந்து போகுமல்லவா? அதனால்தான் 1975-இல், குறைந்தது 5 லட்சம் பிரதிகளும் விற்றிருக்க வேண்டும் என்ற விதியைச் சேர்த்தார்கள்.

1976-இல் பிளாட்டினப் பரிசு பிறந்தது. பத்து லட்சம் நெடுந்தட்டுகள், அல்லது இருபது லட்சம் ஒற்றைத் தட்டுகள் விற்றால் பிளாட்டினம். ஈகிள்ஸ் குழுவினரின் பழைய பாடல் தொகுப்பு ஒன்று 1976 பிப்ரவரியில் முதல் பிளாட்டின நெடுந்தட்டாயிற்று. 1989-இல் ஒற்றைத் தட்டுகளுக்கான அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். ஆகவே 1988-ஆம் ஆண்டின் தங்க ஒற்றைத் தட்டும் 1990-ஆம் ஆண்டின் தங்க ஒற்றைத் தட்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், முன்னது சொல்லும் எண் பத்து லட்சம், பின்னது சொல்லும் எண் ஐந்து லட்சம். நாடு மாறினாலும் அளவு மாறும். பிரிட்டனில் ஒரு லட்சம் பிரதிகள் விற்ற நெடுந்தட்டுக்கே தங்கம் உண்டு. மக்கள்தொகை குறைந்த நாட்டில் அளவும் குறைவாக இருப்பது முறைதான். ஆனால் சேகரிப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

தட்டு பிறக்கும் விதம்

இனிச் சட்டத்துக்குள் இருக்கும் பொருளுக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ள, வினைல் இசைத்தட்டு எப்படிச் செய்யப்படுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

அலுமினியத் தகட்டின்மேல் மென்மையான லாக்கர் பூசி, அதில் கூரிய ஊசியால் ஒலிக்கேற்ற சுருள் பள்ளத்தை வெட்டுகிறார்கள். லாக்கர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே அதன்மேல் வேதி முறையில் மிக மெல்லிய வெள்ளிப் படலம் படிய வைத்து, மின்பகுப்புத் தொட்டியில் தொங்கவிட்டு, அந்த வெள்ளியின்மீது நிக்கலைத் தடிமனாகப் படியச் செய்கிறார்கள். பிறகு நிக்கலை உரித்தெடுத்தால், பள்ளம் இருந்த இடத்தில் மேடும், மேடு இருந்த இடத்தில் பள்ளமும் கொண்ட எதிர்ப்படிவம் கிடைக்கிறது. இது 'தந்தைத் தகடு'. இதிலிருந்து மறுபடியும் நிக்கல் படிவம் எடுத்தால் மூலத்தை ஒத்த 'தாய்த் தகடு' கிடைக்கும். தாயிலிருந்து எடுக்கும் எதிர்ப்படிவமே 'அச்சுத் தகடு'. இரண்டு அச்சுத் தகடுகளுக்கு இடையே சூடேற்றிய வினைல் உருண்டையை வைத்து அழுத்தினால் இசைத்தட்டு பிறக்கிறது. கல்கத்தாவில் 1908-இல் சியால்டாவிலும் பின்னர் 1928-இல் டம்டமிலும் அமைந்த கிராமபோன் ஆலைகளில் அச்சான நம் நாட்டுத் தட்டுகளும் அடிப்படையில் இந்த வழியில் வந்தவையே.

அச்சுத் தகடுகள் விரைவில் தேய்ந்துவிடும். புதிது புதிதாக எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகையால் ஆலைகளில் பயன் முடிந்த உலோகத் தகடுகள் குவிந்து கிடக்கும். பரிசுத் தட்டு செய்பவருக்கு வேண்டியது பளபளப்பாக, வட்டமாக, சுருள் வரிகளோடு ஒரு தகடு. எனவே கைக்குக் கிடைத்த தாய்த் தகட்டையோ அச்சுத் தகட்டையோ அளவாக வெட்டி, பொன் முலாம் பூசி, நடுவில் உரிய பாடலின் வண்ணச் சீட்டை ஒட்டிவிடுவது பெருவழக்காயிற்று. மற்றும் சில, மீந்துபோன வினைல் தட்டுகளுக்கு உலோகப் பூச்சுக் கொடுத்துச் செய்தவை.

இதனால் விளைந்த வேடிக்கை என்னவென்றால், பல தங்கத் தட்டுகளில் பொறித்திருப்பது வேறு யாரோ ஒருவரின் பாட்டு! கண்ணாடியைக் கழற்ற வேண்டியதே இல்லை, வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். நெடுந்தட்டில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே அகன்ற வெற்று வரி தெரியும். அவற்றை எண்ணிச் சீட்டில் அச்சிட்டுள்ள பாடல்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். சீட்டில் ஆறு பாடல்கள், தட்டில் நான்கு பகுதிகள் என்றால் விஷயம் வெளிப்பட்டுவிடும். நடுச்சீட்டை ஒட்டிய வெற்றிடத்தில் சிறு எழுத்தில் வரிசை எண் ஒன்று பொறித்திருக்கும். அதுவும் உண்மையைச் சொல்லும். அந்த எண் கண்ணாடியில் பார்ப்பதுபோல் வலமிடமாகத் தெரிந்தால், அது அச்சுத் தகடு என்று அறியலாம்.

சவரன் கணக்கு

சரி, தங்கம் எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 செ.மீ. விட்டமுள்ள தட்டின் ஒரு பக்கப் பரப்பு சுமார் 700 சதுர செ.மீ. அலங்கார முலாமின் தடிமன் 0.1 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பொன்னின் கன அளவு 0.007 க.செ.மீ. பொன்னின் அடர்த்தி 19.3 ஆகையால் அதன் எடை 0.135 கிராம். ஒரு சவரன் 8 கிராம். ஆகவே ஒரு சவரன் தங்கத்தைக் கொண்டு ஏறக்குறைய 60 தட்டுகளுக்கு ஒரு பக்கம் முலாம் பூசிவிடலாம்!

தட்டு முழுவதும் தங்கமாக இருந்தால்? 140 கிராம் எடையுள்ள வினைல் தட்டின் கன அளவு ஏறக்குறைய 100 க.செ.மீ. அத்தனையும் பொன்னானால் எடை 1.9 கிலோவுக்கு மேல். அதாவது 240 சவரன். எந்த நிறுவனமும் இவ்வளவு தாராளமாக இராது. பிளாட்டினத் தட்டின் நிலைமையும் இதுவே. வெள்ளி போல் ஒளிரும் மலிவான உலோகப் பூச்சே அதில் இருப்பது.

பொன் பூசிய தட்டு ஒன்று அழகுக்காக அன்றி அவசியத்துக்காகவே செய்யப்பட்டதும் உண்டு. 1977-இல் ஏவப்பட்ட இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் செம்பால் செய்து பொன் முலாமிட்ட இசைத்தட்டு வைக்கப்பட்டது. பொன் எளிதில் எதனோடும் வினை புரியாது. செம்பு கெடாமல் காக்கும். நம் நாட்டு இசைக் கலைஞர் கேசர்பாய் கேர்கரின் குரலும் அதில் இருக்கிறது. அத்தட்டில் சீட்டுச் சொல்வதும் பள்ளம் சொல்வதும் ஒன்றே. பரிசுத் தட்டுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

போலியை அறிவது எப்படி?

பொன்னும் இல்லை, பாட்டும் இல்லை என்றான பின், பரிசுத் தட்டில் எஞ்சுவது அதன் கீழே உள்ள சிறு பெயர்த்தகடு மட்டுமே. யாருக்கு, எந்தப் பாடலுக்காக, எவ்வளவு விற்பனைக்காக என்று அது சொல்கிறது. தட்டும் சட்டமும் எவரும் செய்யக்கூடியவை. ஆகவே சேகரிப்பவரின் வேலை தட்டைச் சோதிப்பதைக் காட்டிலும் தகட்டிலுள்ள வாசகத்தைச் சோதிப்பதிலேயே இருக்கிறது.

முதலாவது, காலம். 1960-களின் நடுவிலிருந்து 1970-களின் நடுவரை வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. பரிசுகளில் பின்னணி வெண்ணிறத் துணியாக இருந்தது. 1975-ஐ ஒட்டிச் சட்டத்தின் அமைப்பு மாறியது. 1985 முதல் ஹோலோகிராம் முத்திரை வந்தது. ஆகவே '1972-ஆம் ஆண்டு ஆர்.ஐ.ஏ.ஏ. பிளாட்டினம்' என்று எவரேனும் விற்க வந்தால், அப்போது அப்படியொரு பரிசே இல்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். அதே சமயம் 1970-ஆம் ஆண்டின் பாடலுக்கு ஹோலோகிராம் ஒட்டிய பரிசு இருந்தால் அதைப் போலி என்று தள்ளிவிடக் கூடாது. பாடல் வெளிவந்து பல ஆண்டுகள் கழித்துச் சான்று பெறுவதும் உண்டு. பார்க்க வேண்டியது சான்றளித்த தேதியை.

ஹோலோகிராமைப் பற்றி ஒரு சுவையான செய்தி. லேசர் ஒளி அலைகளின் குறுக்கீட்டால் உண்டாகும் மிக நுண்ணிய வரிகளே ஹோலோகிராம். அவற்றை நிக்கலில் மின்பகுப்பால் படிவமெடுத்து, அந்த நிக்கல் அச்சால் பிளாஸ்டிக் ஏட்டில் அழுத்தித்தான் முத்திரைகள் செய்கிறார்கள். இசைத்தட்டுச் செய்யும் அதே முறை! தட்டின் போலியைத் தடுக்கத் தட்டின் தொழில்நுட்பமே துணைக்கு வந்தது எனலாம்.

இரண்டாவது, பெயர். பரிசு பாடகருக்கு மட்டும் போவதில்லை. மேலாளர், வானொலி நிலையம், விற்பனை அலுவலர் எனப் பலருக்கும் தனித்தனிப் பிரதிகள் வழங்கப்படுவதுண்டு. ஆகவே ஒரே பாடலுக்குப் பல தங்கத் தட்டுகள் இருப்பது வியப்பன்று. பாடகரின் பெயர் பொறித்தது அரியது. அந்தப் பெயரையே போலி செய்பவர்களும் நாடுகிறார்கள்.

மூன்றாவது, முதுமை. துணி ஒளி பட்டு மஞ்சளிக்கும், பசை வறளும். சூட்டில் வினைல் விரிவது பொன் விரிவதைப்போல் பல மடங்கு. ஆகவே ஆண்டுக்கணக்கில் வெயில் படும் சுவரில் தொங்கிய வினைல் தட்டின் உலோகப் பூச்சில் விரிசல் காணும். ஐம்பது வயதுத் தட்டு நேற்றுச் செய்தது போலிருந்தால் ஐயப்பட வேண்டும். உண்மைத் தட்டை வைத்திருப்பவர் அதை வெயிலும் ஈரமும் படாத சுவரில் மாட்ட வேண்டும்.

கணக்குப் பொய்த்தால்

தட்டு உண்மையானது என்று வைத்துக்கொண்டாலும், அது சொல்லும் எண் உண்மையா என்ற கேள்வி நிற்கிறது. தணிக்கையாளர் எண்ணியது ஆலையிலிருந்து கடைக்குச் சென்ற தட்டுகளை. கடையிலிருந்து வீட்டுக்குச் சென்றவற்றை அன்று. விற்காதவற்றைக் கடைக்காரர் திருப்பி அனுப்பலாம் என்ற வழக்கமும் இருந்தது. 1978-இல் இந்த ஓட்டை பெரிதாக வெளிப்பட்டது. 'சார்ஜண்ட் பெப்பர்' திரைப்படத்தின் இசைத்தட்டு பெருவெற்றி பெறும் என்றெண்ணிக் கடைகளுக்கு ஏராளமாக அனுப்பினார்கள். பிளாட்டினமும் கிடைத்தது. பிறகு தட்டுகள் மலைமலையாகத் திரும்பி வந்தன. 'தங்கமாகப் போனது, பிளாட்டினமாகத் திரும்பியது' என்று தொழிலில் உள்ளவர்களே கேலி பேசினர். 1979-இல் சங்கம், தட்டு வெளிவந்து குறிப்பிட்ட காலம் கழியாமல் சான்று கோரக் கூடாது என்று விதித்தது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. டெட்ராயிட் நகரில் தோன்றிய மோடவுன் நிறுவனம், கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களை அமெரிக்கா எங்கும் பரப்பிப் பெரும் வெற்றி கண்டது. ஆனால் 1970-களின் பிற்பகுதி வரை தன் கணக்குகளை ஆர்.ஐ.ஏ.ஏ. தணிக்கைக்கு அது திறந்து காட்டவில்லை. ஆகவே அந்நிறுவனத்தின் 1960-களின் மாபெரும் வெற்றிப் பாடல்களுக்கு அக்காலத்தில் அச்சங்கத்தின் தங்கத் தட்டு இல்லை. நிறுவனம் தானே அளித்த பரிசுகளே உண்டு. சங்கத்தின் பட்டியலை மட்டும் பார்த்து அக்கால இசையின் வரலாற்றை எழுதினால், மார்வின் கேயும் சுப்ரீம்ஸ் குழுவினரும் அதிகம் விற்காதவர்களாகத் தோன்றுவார்கள். தட்டு இருப்பது விற்பனைக்குச் சான்றாகலாம். தட்டு இல்லாதது விற்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. பழம்பொருள்களைக் கொண்டு வரலாறு காண்போர் அனைவருக்கும் இது பொருந்தும்.

இன்று பாட்டைத் தட்டாக வாங்குவோர் சிலரே. 2016 முதல் ஆர்.ஐ.ஏ.ஏ. நெடுந்தட்டுகளுக்கு இணையவழிக் கேட்பையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது. 1,500 முறை பாடல்கள் கேட்கப்பட்டால் ஒரு நெடுந்தட்டு விற்றதற்குச் சமம் என்பது அதன் விதி. தட்டே இல்லாத விற்பனைக்கும் தட்டின் உருவிலேயே பரிசு! எண்ணும் முறை இப்படி மாறிய பிறகு, பழைய தட்டின் பெயர்த்தகட்டைப் படிப்பவர் அது எந்த ஆண்டின் விதிப்படி, எந்த நாட்டில், யார் எண்ணியது என்று கேட்டே ஆக வேண்டும்.

நம் முன்னோர் பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்று அறிந்தார்கள். இந்தப் பொன்னுக்கு உரைகல் கணக்குப் புத்தகம். 0.135 கிராம் பூச்சுக்காக எவரும் இதனை ஏலத்தில் கேட்பதில்லை. இத்தனை லட்சம் வீடுகளில் இந்தப் பாட்டு ஒலித்தது என்று வெளியார் ஒருவர் சரிபார்த்துச் சொன்ன சொல்லுக்காகவே கேட்கிறார்கள். அந்தச் சொல் மெய்யாக இருக்கும் வரையில் முலாமும் தங்கம். பொய்யானால் 240 சவரனில் செய்திருந்தாலும் அது வெறும் உலோகமே.